அப்பத்தாவின் ரங்கூன் தோடு: கல்லைக் கழற்றும் முன்

கேள்வி: "அப்பத்தா ரங்கூனில் இருந்தபோது வாங்கிய தோடு ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. நடுவில் சிவப்புக் கல், சுற்றி எட்டு வைரம். 1941 கடைசியில் குண்டு விழுந்து எல்லாரும் கிளம்பியபோது காதோடு வந்த நகை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மாற்றிப் புதிதாகச் செய்யலாம் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில், கல் சிந்தடிக், கல் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள். இரண்டாவது கடையில், பர்மா ரூபி மாதிரி இருக்கிறது, கழற்றிப் பார்த்தால்தான் விலை சொல்ல முடியும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில் பேனா மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு வைரம் மட்டும் நிஜம் என்றார்கள். இடது தோட்டின் கல் வலதைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. மகளோ இது பழைய மாடல், கொழும்பில் ஒருவர் படம் அனுப்பியிருக்கும் பத்மராகக் கல் கம்மல்தான் வேண்டும் என்கிறாள். என்ன செய்யலாம்? நான்கு படம் அனுப்பியிருக்கிறேன்." (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அம்மா, வணக்கம். தோட்டை எங்கேயும் விட்டுவிட்டு வராமல் கையோடு எடுத்து வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். இனியும் அப்படியே இருங்கள். அது என்ன கல் என்று எழுத்தில் தெரியும் வரை யாரும் அதைக் கழற்றக் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே நிலையில் நகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய.

உங்கள் நான்கு படங்களில் எனக்கு அதிகம் சொன்னது மூன்றாவது படம், பின்பக்கத்தைக் காட்டுவது. இரண்டு தோட்டிலும் நடுக்கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு வைத்து மூடியிருக்கிறது. வெளிச்சம் உள்ளே போக வழியில்லாத மூடிய வேலைப்பாடு. இப்படிக் கட்டும்போது கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளப்பான தகடு ஒன்றைக் கொடுப்பார்கள். முன்பக்கம் வழியாக நுழையும் ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும், கல் உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். சிவப்புக் கல்லுக்குச் சிவப்பு பூசிய தகட்டையே வைப்பதும் உண்டு. அதனால் இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பில் எவ்வளவு கல்லுடையது, எவ்வளவு அடித்தகட்டுடையது என்று முன்பக்கம் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு நிமிடத்தில் சொன்ன தீர்ப்பு மூன்றையும் ஒதுக்கி வையுங்கள்.

அதே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது தோட்டின் பின்தகடு ஓரம் முழுக்க ஒரே நிறம், தேய்ந்து மழுங்கி இருக்கிறது. இடதில் கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில், ஒரு நெல்மணி நீளத்துக்குத் தங்கம் வேறு நிறத்தில் தெரிகிறது. அது பற்றவைத்த தழும்பு. வாங்கிய பிறகு எப்போதோ இடது தோட்டை ஒரு ஆசாரி திறந்து மூடியிருக்கிறார். நீங்கள் சொல்லும் வெளிறலுக்கும் அந்தத் தழும்புக்கும் சம்பந்தம் இருக்கலாம். உள்ளே தண்ணீர் புகுந்து அடித்தகடு கறுத்திருந்தால் அதை மட்டும் மாற்றியிருப்பார்கள். அல்லது கல்லே விழுந்து வேறு கல் வைத்திருப்பார்கள். இரண்டில் எது என்பதில் நகையின் பாதிக் கதை இருக்கிறது.

சரி, அந்தப் பேனாவைப் பற்றி. அது வெப்பத்தைக் கடத்தும் தன்மையை வைத்து வைரமா இல்லையா என்று சொல்லும் கருவி. வைரம் மாதிரி வெப்பத்தைச் சட்டென்று கடத்தும் கல் அபூர்வம், அதனால் வைரத்துக்குச் சத்தம் போடும். சிவப்புக் கல்லை அதில் வைத்தால் 'வைரம் இல்லை' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. பர்மா மாணிக்கமே ஆனாலும் அது சத்தம் போடாது. 'வைரம் மட்டும் நிஜம்' என்று உங்களிடம் சொன்னவர் கருவி சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்.

வைரத்துக்கே கூட இன்றைக்கு அந்தப் பேனா போதாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான் என்பதால் அதற்கும் சத்தம் வரும், வைரம் போலவே தோன்றும் செயற்கைக் கல்லான மொய்சனைட்டுக்கும் வரும். ஆனால் உங்கள் தோட்டுக்கு அந்தக் கவலை குறைவு. மொய்சனைட் நகைக்கடைக்கு வந்தது 1990களின் கடைசியில். நகைக்கு ஆகிற அளவில் ஆய்வக வைரம் முதலில் உருவானதே 1970இல்தான், கடைகளில் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து. 1941க்கு முன் கட்டிய கல் பிறகு மாறாமல் இருந்தால் அது மண்ணிலிருந்து வந்த வைரமாகத்தான் இருக்கும். படத்தில் தெரிகிற வரை பட்டை பழைய தினுசு: மேல்முகம் சிறியது, அடிமுனை கூராக இல்லாமல் தட்டையாக வெட்டியிருக்கிறது. முன்பக்கம் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் மாதிரி தெரிகிறதே, அது ஓட்டையும் அல்ல, தோஷமும் அல்ல. பழைய கைப்பட்டையின் அடையாளம். சில கடைகளில் இதைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். இன்று பழைய பட்டையைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதையே புதுப் பட்டையாக மாற்றி வெட்டினால் எடையும் போகும், பழமையும் போகும்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இதை 'புளூ ஜாகர்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. 1870இல் தொடங்கி 1971இல் மூடிய சுரங்கம். அங்கிருந்து வந்த நல்ல வெள்ளைக் கற்களில் ஒரு மெல்லிய நீலச் சாயை இருக்கும், புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். பிறகு எங்கிருந்து வந்தாலும் நீலச் சாயை உள்ள வெள்ளை வைரத்துக்கெல்லாம் நம் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயருக்காக யாராவது கூடுதல் விலை சொன்னாலும், பெயரைச் சொல்லி நீங்கள் விலை கேட்டாலும், இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. நிறம், சுத்தம், பட்டை, சென்ட் கணக்கு (நூறு சென்ட் ஒரு காரட் எடை), இவை நான்கும்தான் பேசும்.

இப்போது நடுக்கல்லுக்கு வருகிறேன். அது மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று, பர்மா மாணிக்கம். மாண்டலேக்கு வடக்கே மோகோக் என்ற மலைப்பகுதியில் பல நூற்றாண்டுகளாக எடுத்த கல். ரங்கூனில் வசித்த தமிழ்க் குடும்பங்கள் வாங்கிய சிவப்புக் கற்களில் இது நிச்சயம் உண்டு. இரண்டாவது, செயற்கை மாணிக்கம். முதல் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், அப்பத்தா காலத்தில் ஏது சிந்தடிக் என்று. இருந்தது அம்மா. பிரான்சில் ஓகஸ்ட் வெர்நாய் என்ற வேதியியலாளர் அலுமினா பொடியைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அடுத்த சில வருடங்களிலேயே அது தொழிற்சாலைப் பொருளாகி உலகம் முழுக்கப் பரவியது. 1930களில் கிழக்கே விற்ற சிவப்புக் கற்களில் அவையும் கலந்திருந்தன, வாங்கினவருக்கும் பல சமயம் விற்றவருக்கும் தெரியாமலே. அதனால் நகை எத்தனை பழையது என்பது கல் இயற்கையானது என்பதற்குச் சாட்சி ஆகாது. உங்கள் அப்பத்தா ஏமாந்தார் என்றும் அதற்கு அர்த்தம் இல்லை.

மூன்றாவதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அது சிவப்பு ஸ்பினல். மோகோக்கில் மாணிக்கம் கிடைக்கும் அதே சரளைப் படுகையில் ஸ்பினலும் கிடைக்கும், நிறத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. பிரிட்டிஷ் மகுடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற புகழ்பெற்ற கல் உண்மையில் ஸ்பினல்தான். நீண்ட காலம் மாணிக்கத்தின் ஏழைச் சொந்தமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. நல்ல சிவப்பு பர்மா ஸ்பினல் கேட்கிற ஆள் அதிகம், கிடைக்கிற கல் கொஞ்சம். பெரும்பாலும் நிறத்தைக் கூட்டச் சூடு காட்டாமலே அழகாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். 'ரூபி இல்லை' என்று ஒருவர் சொன்னால் உடனே மனம் உடைந்து கல்லைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நான் முதலில் தேடுவது கல்லுக்குள் இருக்கும் குப்பையை. பூமிக்குள் வளர்ந்த மாணிக்கத்தில் குப்பை இருக்கும். வெள்ளை நூல் போல மெல்லிய ஊசிகள் ஒன்றை ஒன்று சாய்வாக வெட்டிக்கொண்டு பட்டுத் துணியின் இழை மாதிரி கிடக்கும், 'சில்க்' என்போம். வளர்ச்சிக் கோடுகள் இருந்தால் நேராகவும் முனை மடங்கியும் இருக்கும். தீயில் வளர்த்த கல்லில் அந்தக் கோடுகள் வளைந்து, பழைய கிராமபோன் தட்டின் வரிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கூடவே குண்டூசி முனை அளவுக்குக் காற்றுக் குமிழிகள். ஸ்பினலில் குட்டிக் குட்டி எண்முகப் படிகங்கள் சில சமயம் வரிசை கட்டி நிற்கும். கண்ணாடி போலச் சுத்தமாக ஒரு குறையும் இல்லாத பெரிய சிவப்புக் கல்லைக் கண்டால் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வரும்.

புறஊதா விளக்கில் காட்டி, சிவப்பாக எரிகிறது பாருங்கள், அதனால் அசல் என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தவறு. பர்மா மாணிக்கம் அந்த விளக்கில் எரியும், செயற்கை மாணிக்கம் அதைவிடப் பலமாக எரியும், சிவப்பு ஸ்பினலும் எரியும். இரும்புச் சத்து கூடுதலாக உள்ள தாய்லாந்து மாணிக்கம் அசலாக இருந்தும் மங்கிக் கிடக்கும்.

ஒரு ஜோடித் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி கொண்டு வந்தார். உங்களுடையதைப் போலவே நடுவில் சிவப்பு. வலதில் லென்ஸ் வைத்தேன், உள்ளே அழகான சில்க், ஓரத்தில் ஒரு வெள்ளைப் படிகம். நிம்மதியாக இருந்தது. இடதில் வைத்தேன், வளைந்த கோடு, கீழே நாலைந்து குமிழி. இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே அளவு, மேசைமேல் வைத்தால் எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஊருணியில குளிக்கையில ஒரு கல்லு விழுந்திருச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும்' என்றார். அறுபது வருடத்துக்கு முந்தைய விஷயம். அன்றைக்குக் கல் கட்டிக் கொடுத்த ஆசாரி நிறம் பார்த்து வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலது கல்லுக்கு ஜோடி தேடி எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. கடைசியில் கிடைத்ததும் நாலு சென்ட் கூடுதல்.

அந்த ஒன்றரை வருடம் எதற்கு என்பதுதான் கம்மல் வியாபாரத்தின் உயிர்நாடி. மோதிரத்துக்கு ஒரு நல்ல கல் போதும். கம்மலுக்கு இரண்டு வேண்டும், இரண்டும் நிறம், அளவு, பட்டை, தெளிவு நான்கிலும் ஒத்துப்போக வேண்டும். வெள்ளை வைரத்தில் இது பெரிய பாடு இல்லை. நிறக்கல்லில், அதுவும் அபூர்வக் கல்லில், ஒரே சுரங்கத்தில் ஒரே நாளில் எடுத்த இரண்டு கல்லே ஒன்றுக்கொன்று சேராது. அதனால்தான் நன்றாகச் சேர்ந்த ஜோடிக்கு விலை இரண்டு தனிக் கல் விலையைக் கூட்டி வருவதைவிட அதிகம். 2017 மே மாதம் ஜெனிவாவில் சோதபீஸ் ஏலத்தில் ஒரு ஜோடிக் காதணி வந்தது. ஒன்று 14.54 காரட் நீல வைரம், மற்றது 16 காரட் இளஞ்சிவப்பு வைரம். நிறமே வேறு வேறு, ஆனால் வடிவத்தால் ஜோடி. இரண்டையும் தனித்தனியாகத்தான் ஏலம் விட்டார்கள். நீலம் 4.2 கோடி டாலருக்கும் இளஞ்சிவப்பு 1.5 கோடி டாலருக்கும் போயின. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள். பிரிந்து போகட்டும் என்று விட அவருக்கு மனம் வரவில்லை.

உங்கள் தோட்டில் இரண்டு கல்லும் அசலாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது சேர்ந்த ஜோடி. கழற்றி ஒன்றை மகளுக்கு மோதிரமாகவும் இன்னொன்றைச் சங்கிலி டாலராகவும் செய்தால் அந்த ஜோடி போய்விடும், மறுபடி சேர்க்கவும் முடியாது. இடது கொஞ்சம் வெளிறியிருப்பது போட்டுக்கொள்ளக் குறையே இல்லை. இரண்டு காதையும் ஒரே பார்வையில் ஒருவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, நடுவில் முகம் இருக்கிறது. விற்கும்போதுதான் அந்த வித்தியாசம் கணக்கில் வரும்.

கழற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடது தோட்டில் பிற்காலத்தில் கல் மாற்றியிருந்தால் அது எந்தக் கல் என்று நமக்குத் தெரியாது. கடந்த இருபது வருடமாகச் சந்தையில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் ஏராளம். விரிசல் விழுந்த மலிவான கல்லில் கண்ணாடியை உருக்கி ஊற்றித் தெளிவாக்கியது. பட்டறையில் தீயைக் காட்டினால் கண்ணாடி இளகி வெளியே வரும், அமிலத்தில் போட்டால் அரிக்கும், எலுமிச்சைச் சாறுகூட அதன் பளபளப்பைக் கெடுக்கும். அசல் மாணிக்கமே ஆனாலும் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் ஓடலாம். கல் இன்னதென்று தெரியாமல் ஆசாரி கையில் கொடுப்பது அவருக்கும் செய்கிற அநியாயம்.

அப்புறம், கல் எடையைக் கழிப்பது பற்றி. தங்கத்துக்கு விலை போடும்போது கல் எடையைக் கழிப்பது முறைதான், அதில் தப்பில்லை. ஆனால் கல்லுக்கு விலை தராமல் கழித்துவிட்டு, கல்லையும் கடையிலேயே வைத்துக்கொள்வது முறையல்ல. கழித்த கல் உங்கள் சொத்து, எண்ணித் திருப்பிக் கேளுங்கள். மதிப்பில்லை என்று சொன்னவருக்கு அதைத் திருப்பித் தருவதில் சிரமம் இருக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் வீட்டிலேயே இரண்டு தோட்டையும் முன், பின், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், வெயில் நேரே விழாத காலை பத்து மணி வெளிச்சம் நல்லது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மூடியிருப்பதால் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், பூந்திக்கொட்டைத் தண்ணீரும் வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வராது, அடித்தகடு கறுக்கும். பட்டு போன்ற உலர்ந்த பிரஷ்ஷால் ஓரத்து எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் தட்டிவிடுங்கள். திருகாணியைப் பாருங்கள். எண்பது வருடத்து மரை தேய்ந்திருக்கும், கல்யாண வீட்டில் காணாமல் போகிற தோடுகளில் பாதி இப்படித்தான் போகின்றன. புதுத் திருகு போட கல் பக்கம் கை வைக்கத் தேவையில்லை.

அடுத்து ஆய்வகம். ஜெய்ப்பூரில் ரத்தின நகை ஏற்றுமதி மேம்பாட்டு மன்றத்தின் ஆய்வகம் இருக்கிறது, மும்பையில் இந்திய ரத்தினவியல் நிறுவனம் இருக்கிறது. சென்னையிலும் படித்த ரத்தினவியலாளர்கள் நடத்தும் கூடங்கள் உண்டு. விற்பனைக் கடையோடு ஒட்டிய கூடம் வேண்டாம். நகையில் பதித்த நிலையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். இயற்கையா செயற்கையா, மாணிக்கமா ஸ்பினலா என்பதற்கு மைக்ராஸ்கோப்பும் நிறமாலைக் கருவியும் பெரும்பாலும் போதும். பின்பக்கம் மூடியிருப்பதால் சூடு காட்டியதா, எந்த நாட்டுக் கல் என்பதைச் சொல்ல அவர்கள் தயங்கினால் அது நேர்மையான தயக்கம். இரண்டு கல்லும் இயற்கை என்று முதல் அறிக்கை வந்தால் மட்டுமே, திறந்து பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் உங்கள் கண் முன்னால், கல்லை எடை போட்டு எழுதிக்கொண்டு, அதே இடத்தில் திரும்பப் பதிக்கும் ஆசாரியிடம்.

இரண்டாவது கடைக்காரர் 'பர்மா' என்று சொன்னபோது குரலில் ஒரு மாற்றம் இருந்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 2015இல் ஜெனிவாவில் 25.59 காரட் பர்மா மாணிக்கம் ஒன்று மூன்று கோடி டாலருக்கு மேல் போனது. ஆனால் அந்த விலை பர்மா என்ற ஒற்றைச் சொல்லுக்கு வந்ததல்ல. நிறம், தெளிவு, அளவு, சூடு காட்டாமை எல்லாம் ஒரே கல்லில் கூடியதற்கு வந்தது. மோகோக்கிலிருந்து மங்கலான, பால் படர்ந்த கல்லும் மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. அதனால் யார் எவ்வளவு சொன்னாலும் அறிக்கைக்கு முன் அந்தத் தொகையை வைத்துக் கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மகளின் ஆசைக்கு வருகிறேன். அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் இல்லை. பத்மராகம் என்று கொழும்பில் சொல்வது நீலக்கல்லின் இனமான சபையர் வகை. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த, மாலை வானத்தில் சில நிமிடம் மட்டும் இருக்கிற நிறம். தாமரைப் பெயர் கொண்ட அந்தச் சொல்தான் ஆங்கில வியாபாரத்தில் பட்பராட்சா ஆனது. நம் பழைய தமிழில் பதுமராகம் என்றால் மாணிக்கத்தில் ஒரு சாதி, எனவே பில்லில் 'பத்மராகம்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள், 'இயற்கை பட்பராட்சா சபையர்' என்று இருக்க வேண்டும்.

இந்தக் கல்லில் இரண்டு விஷயம் மகளுக்கு நிச்சயம் தெரிய வேண்டும். 2001, 2002 வாக்கில் சாதாரண இளஞ்சிவப்பு சபையரைப் பெரிலியம் என்ற தனிமம் சேர்த்து அதிக வெப்பத்தில் வைத்து இந்த நிறத்துக்குக் கொண்டு வந்த கற்கள் தாய்லாந்திலிருந்து சந்தையில் குவிந்தன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் பெரிய வித்தியாசம். இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. 2016க்குப் பிறகு மடகாஸ்கரில் அம்பட்டோன்ட்ராசாகா பகுதியிலிருந்து வந்த அழகான கற்களில் பல, சில வாரம் பகல் வெளிச்சத்தில் இருந்ததும் ஆரஞ்சு போய் வெறும் இளஞ்சிவப்பாக நின்றுவிட்டன. அதிலிருந்து நல்ல ஆய்வகங்கள் நிறம் நிலைக்கிறதா என்று ஒளியில் வைத்துச் சோதித்த பிறகே பட்பராட்சா என்று எழுதுகின்றன. கம்மலில் ஒரு கல் நிறம் மாறி இன்னொன்று மாறாமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அறிக்கை இரண்டு கல்லுக்கும் தனித்தனியாக வேண்டும், பெரிலியம் இல்லை என்பதும் நிறச் சோதனை நடந்தது என்பதும் எழுத்தில் வேண்டும். இலங்கையில் தேசிய ரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இருக்கிறது, விற்பவர் அங்கே பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் மட்டும் அடுத்த பேச்சு.

படத்தைப் பார்த்து மட்டும் இந்த நிறத்தை வாங்கவே கூடாது. அவர் அனுப்பிய படத்தில் விளக்கு மஞ்சள், எந்த இளஞ்சிவப்புக் கல்லும் அந்த விளக்கில் பட்பராட்சாதான். ஜன்னல் ஓரம் பகலில் ஒரு முறை, வீட்டு விளக்கில் ஒரு முறை, காதில் வைத்துத் தலையை மெல்லத் திருப்பி ஒரு முறை பார்க்க வேண்டும். சில கல்லில் மஞ்சள் ஒரு மூலையில் மட்டும் திட்டாக இருக்கும். நேரே பார்த்தால் தாமரை நிறம், கொஞ்சம் சாய்ந்தால் வெறும் ரோஜா நிறம். கம்மல் ஒரு நிமிடம் ஆடாமல் இருப்பதில்லையே.

தை மாதத்துக்குள் இத்தனையையும் முடிப்பது கஷ்டம் என்பது என் கணிப்பு. அவசரத்தில் வாங்கும் அபூர்வக் கல்லில் விற்பவர் கைதான் மேலே இருக்கும். அதனால் ஒரு வழி சொல்கிறேன், மகளிடம் பேசிப் பாருங்கள். அப்பத்தா தோட்டில் கல்லைத் தொடாமல், தண்டில் மாட்டிக் கழற்றும்படி ஒரு சின்ன வளையம் வைத்து, கீழே தொங்கும் லோலாக்கு ஒன்று செய்யலாம். அதில் வைரமோ, இலங்கை இளஞ்சிவப்பு ஸ்பினலோ வைக்கலாம். ஸ்பினல் பட்பராட்சா விலைக்குப் போகாது, தோட்டின் சிவப்போடு நன்றாகச் சேரும். முகூர்த்தத்துக்கு லோலாக்கோடு, பிறகு தோடு மட்டும், வேறொரு நாள் லோலாக்கை வேறு கொக்கியில் தனிக் கம்மலாக. மொத்த எடை ஒரு காதுக்கு எட்டு கிராமைத் தாண்டினால் காதோடு மாட்டலும் போடச் சொல்லுங்கள், துளை இழுக்காது. பட்பராட்சா ஆசை அப்படியே இருக்கட்டும். நிதானமாகத் தேடி, கொழும்புக்கே ஒரு முறை போய்ப் பார்த்து வாங்கட்டும்.

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பெரிய அத்தை காரைக்குடியில் இருக்கிறார், எண்பத்தாறு வயது, நினைவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் அவர் கையில் கொடுங்கள். இடது தோடு எப்போதாவது பட்டறைக்குப் போனதா, கல் விழுந்ததா, யார் கட்டிக் கொடுத்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி, ஐந்து மணி இடத்தில் இருக்கும் அந்தத் தழும்பை இன்னும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.